நிழலின் நிறம்: ஆரணிப் பட்டும் கணினி உருவ ஓவியமும்

பழந்தமிழில் ‘புனையா ஓவியம்’ என்றொரு சொல்லாட்சி உண்டு. தலைவனைப் பிரிந்து, அணிகளைக் களைந்து வாடியிருக்கும் அரசிக்கு உவமையாக நெடுநல்வாடை அதனைக் கூறுகிறது. வண்ணம் ஏற்றப்பெறாமல் கோட்டளவில் நிற்கும் ஓவியம் என்பது அதன் பொருள். இன்று கைப்பேசியிலும் கணினியிலும் மனித உருவங்களை வரைந்து பழகும் நம் மாணவர்கள் ‘லைன் ஆர்ட்’ என்று வழங்குவது இதனையே. கோட்டோவியம் முடிந்தபின் அவர்கள் செய்யும் ‘கலரிங்’, ‘ஷேடிங்’ ஆகிய இரண்டும் சேர்ந்ததே புனைதல். அப்புனைதலைப் பற்றியும், அதிலே நம்மவர் பெரும்பாலும் செய்கின்ற ஒரு பிழையைப் பற்றியும் இக்கட்டுரையில் நோக்குவோம்.

பிழை நம் கண்ணில் பட்ட கதையை முதலில் கூறிவிடுதல் நலம். இம்மலரில் நெசவுத் தொழிலுக்கென ஒரு பக்கம் ஒதுக்கி, அதற்கொரு படம் வரைந்து தருமாறு நம் துறை மாணவர் ஒருவரைக் கேட்டிருந்தோம். ஆரணியில் பட்டு நெசவாளர் குடும்பத்தில் பிறந்தவர் அவர். தறியில் அமர்ந்திருக்கும் தம் தந்தையாரையே வரைந்து கொணர்ந்தார். கோடுகள் செம்மையாக இருந்தன. ஆனால் முகம் வெளுத்த இளஞ்சிவப்பில் இருந்தது. கன்னத்தின் ஓரத்திலும் கழுத்திலும் கரி அப்பியது போன்ற நிழல் படிந்திருந்தது. செயலியில் ‘தோல் நிறம்’ என்று ஆயத்தமாக வைக்கப்பெற்றிருந்த நிறத்தை எடுத்ததாகவும், நிழலுக்கு அதனுடன் கறுப்பைச் சேர்த்ததாகவும் அவர் சொன்னார். எங்கே தவறு என்று நமக்கும் உடனே சொல்லத் தெரியவில்லை. ஆரணிக்குச் சென்றிருந்தபோது அப்படத்தை அவருடைய தந்தையாரிடமே காட்டினோம். அவர் கைப்பேசியை வாங்கிப் பார்த்துவிட்டு மகனிடம், “யாருடா இது? நம்ம தெருவுல இந்த நெறத்துல யாரு இருக்கா?” என்றார்.

மகன் ஒன்றும் பேசவில்லை. படத்தில் இருப்பவர் தாமே என்பதைத் தந்தை அறியவில்லை.

தறி கற்பிக்கும் வண்ணப் பாடம்

திருவண்ணாமலை மாவட்டத்தில், கமண்டல நாகநதிக் கரையில் அமைந்த ஆரணி, அரிசிக்கும் பட்டுக்கும் பெயர் பெற்ற ஊர். அங்குள்ள தறிவீடு ஒன்றில் அரைமணி நேரம் நின்றால், ஓவியப் பள்ளியில் ஒரு பருவம் முழுவதும் கற்கக்கூடிய வண்ண இயல்பு கண்ணெதிரே விளங்கும் என்று கூறின் மிகையாகாது.

தறியில் நீளவாக்கில் கட்டப்பெறும் இழை பாவு. நாடாவின் வழியே குறுக்காக ஓடும் இழை ஊடை. இரண்டும் ஒரே நிறமாக இருந்தால் சேலை ஒருநிறச் சேலை. பாவு ஒரு நிறமும் ஊடை வேறொரு நிறமுமாக இருந்தால், நெய்த துணி இரண்டுமல்லாத மூன்றாவது நிறமொன்றைக் காட்டும். அதோடு, மடிக்கும்தோறும் அந்நிறம் மாறும். நீலப் பாவில் பச்சை ஊடை ஓடும்போது பிறப்பதே நம் பெண்டிர் விரும்பும் மயில்கழுத்து நிறம். இதன் காரணம் எளிது. பட்டிழையின் குறுக்குவெட்டு ஏறத்தாழ முக்கோண வடிவினது. ஆதலால் அது ஒளியைக் கண்ணாடித் துண்டு போல் திருப்பியடிக்கிறது. பாவிழை ஒரு திசையிலும் ஊடையிழை மற்றொரு திசையிலும் கிடப்பதால், துணி மடியும்போது மடிப்பின் ஒரு சரிவில் ஓர் இழையின் ஒளியும், மறு சரிவில் மற்றதன் ஒளியும் மேலோங்குகின்றன. அங்கே நிழல் விழுந்த இடம் வெறுமனே இருண்ட இடமன்று. வேறு நிறமுடைய இடம்.

இதனை அந்த நெசவாளர் தம் மகனுக்கு விளக்கிய மொழி நம் விளக்கத்தினும் சுருக்கமானது. “எதுக்கெடுத்தாலும் கறுப்பையே ஊடையாப் போட்டா எல்லாப் பொடவையும் ஒரே பொடவையாத்தான் தெரியும்” என்றார் அவர். அவர் பேசியது சேலையைப் பற்றி. நமக்கோ மகனுடைய படத்தின் பிழை அவ்விடத்திலேயே விளங்கிவிட்டது.

எண்ணில் எழுதிய நிறம்

கணினித் திரையில் ஒவ்வொரு புள்ளியின் நிறமும் சிவப்பு, பச்சை, நீலம் என்னும் மூன்று ஒளிகளின் அளவால் எழுதப்பெறுகிறது. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 255 வரை 256 படிகள். மூன்றையும் பெருக்கினால் 1,67,77,216 நிறங்கள். இத்தனை நிறங்கள் கைவசம் இருந்தும் நிழலுக்குக் கறுப்பொன்றையே நாடுவது வியப்புக்குரியது.

கணினி ஓவியர்கள் நிழலைத் தனியோர் அடுக்கில் தீட்டி, அதனை அடிவண்ணத்தின்மீது ‘பெருக்கல்’ முறையில் படியவைப்பர். போட்டோஷாப், கிரிட்டா, ஐபிஸ் பெயிண்ட் என எச்செயலியிலும் ‘மல்டிப்ளை’ என்ற பெயரில் இவ்வசதி உண்டு. பெயருக்கேற்ப இது பெருக்கலே: அடிவண்ணத்தின் எண்ணை நிழலின் எண்ணால் பெருக்கி 255ஆல் வகுப்பது. ஓர் எடுத்துக்காட்டைச் செய்து பார்ப்போம். மாநிற முகமொன்றின் அடிவண்ணம் சிவப்பு 150, பச்சை 100, நீலம் 70 என்று கொள்வோம். நிழலடுக்கில் மூன்றும் 140 ஆன சாம்பல் நிறத்தைத் தீட்டினால் கிடைப்பது 82, 55, 38. மூன்று எண்களும் ஒரே விகிதத்தில் குறைந்துள்ளன. அதே நிறம், விளக்கை அணைத்தது போல மங்கியிருக்கிறது. கறுப்பைக் கலந்தாலும் இதுவே நிகழும். சாம்பலுக்கு மாறாக 140, 120, 180 என்ற ஊதாச் சாயலை நிழலடுக்கில் தீட்டிப் பார்ப்போம். கிடைப்பது 82, 47, 49. இருள் ஏறத்தாழ முன்னதன் அளவே. ஆனால் நிறம் பழுப்பிலிருந்து அரக்கை நோக்கி நகர்ந்துவிட்டது. முகத்துக்குக் குருதி வந்துவிட்டது என்றே சொல்லலாம்.

ஊதா எங்கிருந்து வந்தது என்று வினவலாம். வெட்டவெளியில் நிற்பவன்மீது நேரே விழுவது மஞ்சள் சார்ந்த வெயில். வெயில் மறைந்த பக்கத்தில் முழு இருள் இல்லை. அங்கே நீலவானத்தின் ஒளி விழுகிறது. செம்மண் தரையிலிருந்து தெறிக்கும் ஒளி முகவாய்க்கு அடியில் சிவந்து தெரிகிறது. ஆகவே நிழல் என்பது ஒளியின்மையன்று, வேறோர் ஒளியின் ஆட்சி எனலாம். அந்த வேறோர் ஒளி எதுவென்று கேட்டுவிட்டு நிழலின் நிறத்தைத் தேர்வதே புனைதலின் முதற் கடமை. பாவு எது, ஊடை எது என்று தறிக்காரர் கேட்பது போல.

இவ்விடத்தில் மாணவர்களுக்கு ஒரு சிறு சோதனை முறையைக் கூறுவோம். படத்தைத் தற்காலிகமாகக் கறுப்பு வெள்ளையாக்கிப் பாருங்கள். அப்போதும் மூக்கும் கன்னமும் புடைத்துத் தெரியுமாயின் ஒளியளவு சரி. உரு தட்டையாகிவிட்டால் எத்தனை வண்ணம் சேர்த்தாலும் பயனில்லை. ஒளியளவு வேறு, நிறச்சாயல் வேறு. முன்னது உருவத்தை எழுப்பும். பின்னது உயிரைத் தரும். இரண்டையும் ஒன்றாக எண்ணியதே நம் மாணவரின் இடர்ப்பாடு.

பயில்வோர் செய்யும் மற்றொரு பிழையும் உண்டு. ஒளி எத்திசையிலிருந்து வருகிறது என்று துணியாமல், உருவின் விளிம்பு முழுவதையும் சுற்றி இருளாக்கி, நடுவை வெளிச்சமாக்குவர். மேனாட்டு ஓவியர் இதனைத் தலையணை நிழல் என்று எள்ளுவர். முகம் பஞ்சு அடைத்த பை போல் உப்பித் தெரியும். இதற்கு மருந்து, தூரிகையை எடுக்குமுன் திரையின் ஒரு மூலையில் ஒரு சூரியனை வரைந்து வைத்துக்கொள்வதே.

துளையால் தீட்டிய முகம்

கணினி ஓவியத்துக்கும் தறிக்கும் உள்ள உறவு வெறும் உவமை அன்று, வரலாற்று உறவு. பிரான்சு நாட்டு லியோன் நகரத்து ஜோசப் மரீ ஜக்கார்டு, துளையிட்ட அட்டைகளால் பாவிழைகளைத் தேர்ந்து உயர்த்தும் கருவியை 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உருவாக்கினார். நம்மூர்த் தறிமேல் இருக்கும் ‘பெட்டி’ அவர் வழி வந்ததே. வடிவத்தைக் கட்டத்தாளில் வரைவர். ஒரு கட்டம் என்பது பாவும் ஊடையும் சந்திக்கும் ஓரிடம். நிறம் தீட்டிய கட்டத்துக்கு அட்டையில் துளை. துளையுள்ள இடத்தில் கொக்கி உயர்ந்து இழை மேலெழும். உண்டு, இல்லை என்னும் இரண்டே நிலை. இன்றைய கணினியின் மொழியும் அதுவன்றோ?

1839ஆம் ஆண்டில் லியோன் நகரத்தில் ஜக்கார்டின் உருவப் படமே பட்டில் நெய்யப்பெற்றது. அதற்கு ஏறத்தாழ 24,000 அட்டைகள் வேண்டியிருந்தன. கணிப்பொறியின் முன்னோடி எனப்படும் சார்லஸ் பாபேஜ் அப்பட்டுப் படத்தின் படியொன்றைப் பெற்றுத் தம் இல்லத்தில் வைத்து விருந்தினர்க்குக் காட்டி மகிழ்ந்தார். பார்த்தவர் சிலர் அதனைச் செதுக்கு அச்சுப்படம் என்றே கருதினர். எண்களால் ஆக்கப்பெற்ற உருவ ஓவியங்களுள் அதனை முன்னோடியாகக் கொள்ளுதல் தகும் என்பது நம் துணிபு.

அதில் நிழல் எவ்வாறு வந்தது? மைதீட்டவில்லை, இடைநிறம் எதையும் கலக்கவில்லை. வெளிர் இழை மேலே நீண்டு மிதக்கும் இடத்தில் ஒளி. கருமை இழை அடிக்கடி மேலே வரும் இடத்தில் இருள். இரண்டும் விரவிய விகிதமே இடைப்பட்ட சாயல்கள். செய்தித்தாளில் அச்சாகும் நிழற்படத்தைப் பெருக்குக் கண்ணாடியால் பார்த்தால் இதே உத்தி தெரியும். நம் நாட்டு ஓவிய இலக்கணமும் இதனை அறிந்திருந்தது. விஷ்ணுதர்மோத்தரத்தின் சித்திரசூத்திரப் பகுதி நிழலிடும் முறைகளை மூன்றாகப் பகுக்கிறது: இலை நரம்பு போன்ற கோடுகளால் இடுவது பத்ரஜம், மிக நுண்ணிய கோடுகளால் இடுவது ஐரிகம், புள்ளிகளால் இடுவது பிந்துஜம். கணினிச் செயலிகளில் தூரிகை வகைகளைத் திறந்து பார்ப்பவர்கள் இம்மூன்றையும் அங்கே வேறு பெயர்களில் காண்பர்.

தமிழகப் பட்டிலும் உருவப் படம் நெய்த நிகழ்ச்சி உண்டு. 2008ஆம் ஆண்டில் சென்னை சில்க்ஸ் நிறுவனம் வெளியிட்ட, ஏறத்தாழ 40 இலட்சம் ரூபாய் விலையுள்ள ‘விவாகப் பட்டு’ச் சேலையில் இரவிவர்மாவின் ஓவியங்கள் நெய்யப்பெற்றன. முந்தானையில் இசைவாணியர் குழு அமர்ந்திருக்கும் புகழ்பெற்ற ஓவியம். விலையைப் பற்றியே அன்று ஊரெல்லாம் பேசிற்று. எண்ணெய் வண்ணத்தில் குழைந்து நிற்கும் கன்னத்து நிழலை, உண்டு இல்லை என்னும் கட்டங்களாகப் பிரித்த உழைப்பைப் பேசியவர் சிலரே. அது கணினியில் மனித முகம் தீட்டுவோர் செய்யும் உழைப்புக்கு எவ்வகையிலும் குறைந்ததன்று.

துணியின் இயல்பும் தோலின் இயல்பும்

ஆடையைத் தீட்டும்போது ஒவ்வொரு துணிக்கும் ஒளியோடு உள்ள உறவை அறிதல் வேண்டும். பருத்தி ஒளியைச் சிதறடிக்கும். அதன் நிழல் மெல்லெனப் படரும். பளிச்சிடும் இடம் என்று ஒன்று இராது. பட்டு அவ்வாறன்று. ஒளியும் நிழலும் அருகருகே நின்று திடீரென மாறும். ஒளிக்கீற்று மடிப்பின் முகட்டை ஒட்டி நீளமாக ஓடும். இருநிறப் பட்டாயின் ஒளிபட்ட சரிவுக்குப் பாவின் நிறத்தையும் மறு சரிவுக்கு ஊடையின் நிறத்தையும் தீட்டிவிட்டு, இரண்டும் கூடும் இடத்தை மட்டும் குழைத்தால் போதும். சரிகை உலோகம், அதற்கு மஞ்சளை மட்டும் தீட்டினால் மஞ்சள் நூலாகவே தெரியும். வெண்மையை ஒட்டிய ஒளியும் ஆழ்ந்த பழுப்பும் அடுத்தடுத்து நின்றால்தான் அது மின்னும். இவற்றை நம் மாணவருக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை. படத்தில் சேலையை அவர் முதலிலேயே சரியாகத் தீட்டியிருந்தார்! ஒரு கறுப்பும் அதில் இல்லை. பிறந்தது முதல் கண்ட பொருளில் கை பிழை செய்யவில்லை. தந்தையின் முகத்துக்கு வந்தபோது செயலி தந்த நிறத்தை நம்பிவிட்டது.

இது அவர் ஒருவரின் குறையன்று. இணையத்தில் கிடைக்கும் பாடங்களுள் மிகப் பல வெளிர்தோலை வைத்தே தோல் தீட்டுதலைக் கற்பிக்கின்றன. நம் மாணவர்கள் படைக்கும் சோழ வீரனும் மீனவப் பெண்ணும் சிறுகதைத் தலைவனும் பெரும்பாலும் நம் ஊரில் காணக் கிடைக்காத நிறத்தில் பிறப்பதற்கு இதுவும் ஒரு காரணம். விளம்பரங்கள் மற்றொரு காரணம்; அதனை விரித்தால் கட்டுரை வேறு திசையில் போய்விடும்.

தோல் ஒளியை முழுவதும் திருப்பியடிப்பதில்லை. ஒரு பகுதி ஒளி தோலினுள் புகுந்து சிதறி வெளிவருகிறது. அவ்வாறு சிதறும் ஒளியில் சிவப்பே அதிகத் தொலைவு பரவும். ஆதலால் ஒளியும் நிழலும் சந்திக்கும் எல்லைக்கோட்டில் தோல் சற்றே சிவந்து தோன்றும். காதுமடலுக்குப் பின்னே விளக்கிருந்தால் அது தணல்போல் தெரிவதை யாவரும் கண்டிருப்பர். இவ்வெல்லைச் செம்மை இல்லாத முகம் மெழுகுப் பொம்மை முகமாகிவிடும். 2014இல் வெளிவந்த ‘கோச்சடையான்’ திரைப்படம், நடிப்பைப் பதிவுசெய்து கணினி உருவங்களுக்கு ஏற்றும் முறையில் இந்தியாவில் எடுக்கப்பெற்ற முன்னோடி முயற்சி. அதன் துணிவைப் பாராட்டுகிறோம். எனினும் அதன் உருவங்களின் முகத்தில் நம் மனம் ஒன்றாமற் போனதற்கு இந்தத் தோலொளிக் குறைவு பெருங்காரணம் என்பது நம் கருத்து.

மாநிறத்துக்கும் கருநிறத்துக்கும் தனியியல்பு ஒன்றுண்டு. தோலின் கருமை உள்ளே புகும் ஒளியை உண்டுவிடுகிறது. மேற்பரப்பில் பட்டுத் திரும்பும் ஒளியை அது குறைப்பதில்லை. எனவே கருந்தோலில் நெற்றிமேடும் மூக்குத்தண்டும் கன்ன எலும்பும் வெளிர்தோலினும் எடுப்பாக மின்னும். அம்மின்னல் சுற்றுப்புறத்தின் நிறத்தையும் ஏற்கும். வெட்டவெளியில் அது வான்நீலம், குழல்விளக்கின் கீழ் வெளிர்நீலம், அடுப்பருகே செம்மஞ்சள். கருநிறத்தைத் தீட்டத் தெரியாதோர் முகம் முழுவதையும் ஒரே பழுப்பாக்கி, ‘கறுப்பு முகத்தில் நிழல் தெரியாது’ என்பர். நிழலைவிட ஒளியை வைத்து எழுப்ப வேண்டிய முகம் அது என்பதை அவர்கள் கவனிப்பதில்லை.

மீண்டும் வரைதற்கு முன் நம் மாணவர் ஒரு நாள் முழுவதும் தறிக்கு எதிரே அமர்ந்து தந்தையைப் பார்த்தார். குழித்தறியில் இருப்பவருக்கு ஒளி இரண்டு வழியாக வந்தது: கூரையிலுள்ள கண்ணாடி ஓட்டின் வழியே மேலிருந்து வெண்மையாக, விரித்துக் கட்டிய பாவிலிருந்து பட்டுத் தெறித்துக் கீழிருந்து. பாவு அன்று அரக்கு நிறம். அந்த அரக்கொளி தந்தையின் முகவாயிலும் உள்ளங்கையிலும் படிந்திருந்தது. செயலி தந்த தோல் நிறத்தை நீக்கிவிட்டு, நெற்றிக்கும் கன்னத்துக்கும் கழுத்துக்கும் கண்ணால் பார்த்தெடுத்த மூன்று பழுப்புகளை வைத்தார். நிழலடுக்கில் ஊதா, முகவாய்க்கு அடியில் அரக்கு, நெற்றியில் ஓடு தந்த வெண்ணீலம் சிறிதளவு. கறுப்பைத் தலைமயிருக்கும் பெட்டியின் இரும்புக்கும் மட்டுமே பயன்படுத்தினார். அம்மயிரிலும் கறுப்பு முழுக் கறுப்பாக இல்லை; வெளிச்சம் பட்ட பக்கம் நீலமாகவும் நரை கண்ட பக்கம் சாம்பலாகவும் இருந்தது.

இரண்டாம் படத்தைத் தந்தையார் நெடுநேரம் பார்த்தார். கைப்பேசியைத் தள்ளிப் பிடித்தும், கண்ணைச் சுருக்கியும், விரலால் பெரிதாக்கியும் பார்த்தார். யார் என்று கேட்கவில்லை. முகத்தைப் பற்றி ஒன்றும் கூறவுமில்லை. “நாடா எடது பக்கம் வந்து நிக்குது, நான் மிதிக்கிறது வலது மிதியா இருக்கு. அப்படி மிதிக்க மாட்டேன்டா நானு” என்று சொல்லிவிட்டுத் தறிக்குழிக்குள் இறங்கினார்.

மிதியை மாற்றி வரைந்த படமே இம்மலரின் நெசவுப் பக்கத்தில் இடம்பெற்றுள்ளது.